வெறும் முதுகில் ஓர் அருவிப் பயணம்

ஒரு காட்டில் கோடை பிறந்துவிட்டால் போதும், பிள்ளைகளே, அங்கே எல்லோருக்கும் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். மான் வீட்டில் எங்கே போகலாம் என்று பேச்சு. முயல் வீட்டில் எத்தனை மூட்டை கட்டலாம் என்று பேச்சு. கரடி வீட்டில் போகிற இடத்தில் என்ன தின்னலாம் என்று பேச்சு.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு புங்கமரம். அதன் பொந்தில் ஓர் அணில் குடும்பம். அப்பா மருதன், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அம்மா செவந்தி, யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பாள். மூத்த குட்டி கொடி துறுதுறுவென்று இருப்பாள். சின்னவன் பொட்டு அவளைவிடத் துறுதுறு.

போன வருடம் இவர்கள் நரியோடு மலையுச்சிக்குச் சுற்றுலா போய் வந்தார்கள். போனதும் ஆனந்தம், வந்ததும் ஆனந்தம். வீட்டுக்கு வந்து பொந்தைத் திறந்தால், சேர்த்து வைத்த கொட்டையெல்லாம் கட்டணம் கட்டணமாக நரியின் மூட்டைக்குப் போயிருந்தது. பின்னாலேயே அடைமழை பிடித்துக்கொண்டது. வெளியே தலைகாட்ட முடியவில்லை. மழைக்காலம் முழுக்க மரப்பட்டையைக் கொறித்தே காலம் தள்ளினார்கள். பொட்டுவின் வால் நூல்போல இளைத்துப்போனது.

இந்த வருடம் அதே பொட்டுவுக்கு ஒரே ஒரு ஆசை. மேற்கு மலையடிவாரத்து அருவியில் குளிக்க வேண்டும்.

"அம்மா, அருவின்னா மேலேருந்து தண்ணி தானா விழுமாமே. யாரு ஊத்துறாங்க?"

"போய்ப் பாத்துட்டு நீயே சொல்லு."

"அப்ப போறோமா?"

செவந்தி பொந்தில் இருந்த கொட்டைகளைப் பார்த்தாள். பொட்டுவின் வாலைப் பார்த்தாள்.

"போறோம். ஆனா மழைக்கு வச்சிருக்கிற கொட்டையில ஒண்ணுகூட எடுக்க மாட்டோம்."

மருதனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கொட்டை குடுக்காம யாரு கூட்டிட்டுப் போவா? உங்க அண்ணனா?"

"எங்க அண்ணன் கூட்டிட்டுப் போனாலும் போவான். உங்க தம்பி மாதிரி வந்து உக்காந்து தின்னுட்டுப் போக மாட்டான்."

மருதன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே நரி வந்துவிட்டது. பெயர் நல்லமுத்து. காட்டுப்பன்றிகளின் முதுகில் ஆளேற்றி ஊர் சுற்றிக் காட்டுவது அதன் தொழில். பேசும்போது வாயில் தேன் வழியும், கண் மட்டும் பொந்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"மருதண்ணே, வணக்கம். தங்கச்சி, சௌக்கியமா? குட்டிங்களா, மாமாவை ஞாபகம் இருக்கா? வர்ற பௌர்ணமிக்கு அருவிக்குக் கிளம்புறோம். நம்ம கரடி அண்ணாச்சி குடும்பத்தோட பேர் குடுத்துட்டாரு. உங்களுக்குன்னு இடம் புடிச்சு வச்சிருக்கேன். ஒரே ஒரு மூட்டை கொட்டை. போறது, வர்றது, தங்குறது, குளிக்கிறது எல்லாம் அதுலயே அடக்கம்."

மருதன் தலையாட்டினான்.

"சாப்பாடு?" என்றாள் செவந்தி.

"அது தனி, தங்கச்சி."

"தங்குற பொந்துல வெளிச்சம் இருக்குமா?"

"மின்மினி ஏற்பாடு பண்ணலாம். அதுக்குத் தனி."

"குளிக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாதே?"

"சேச்சே, குளியல் இலவசம். பாறை மேல நின்னு குளிச்சா மட்டும் பாறைக்கு ஏதாவது குடுக்கணும்."

"அருவிச் சத்தத்தைக் கேக்குறதுக்கு?"

நரி தாடையைச் சொறிந்தது. "அது நல்ல யோசனையா இருக்கே," என்றது.

செவந்தி கடைசியாக ஒன்று கேட்டாள். "அருவியில இப்ப தண்ணி விழுதாண்ணே?"

"அருவியில தண்ணி விழாம வேற என்ன தங்கச்சி விழும்? முன்பணம் இன்னிக்கே குடுத்தா பாதி மூட்டை தள்ளுபடி. குடுத்த முன்பணம் மட்டும் திரும்ப வராது. அது நம்ம வழக்கம்."

மருதன் ஏற்கெனவே பாதி உடம்பைப் பொந்துக்குள் விட்டிருந்தான். செவந்தி அவன் வாலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"யோசிச்சுச் சொல்றோம்ணே."

இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நரிக்கு நன்றாகத் தெரியும். அது வாயை இன்னும் கொஞ்சம் விரித்துச் சிரித்தது. "யோசிங்க, யோசிங்க. நாங்க குளிச்சிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றோம். அதைக் கேக்குறதுக்கு மட்டும் கொட்டை வாங்க மாட்டேன்."

நரி போனதும் பொட்டு மரத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டால் வரவில்லை. நெல்லிக்காய் காட்டினாலும் வரவில்லை.

அன்று முதல் செவந்தி ஒரு வேலை செய்தாள். மேல் கிளையில் ஒரு குட்டிப் பொந்தைக் கூட்டிப் பெருக்கி வைத்தாள். "இது அருவிப் பொந்து. தினமும் சாப்பிட்டது போக ஆளுக்குக் கொஞ்சம் இதுல போடணும். வழிச் சாப்பாடு இதுலேருந்துதான். கீழ்ப் பொந்து மழைக்கு. அதுகிட்ட யாரும் போகக் கூடாது."

சாப்பாட்டுக்கு வழி பிறந்தது. போவதற்கு என்ன வழி? அருவி ரொம்ப தூரம். நடுவில் பொட்டல்வெளி. மேலே பருந்து வட்டமிடும். குட்டி அணில்கள் நடந்து போகிற பாதை அல்ல அது.

சந்தை நாளன்று செவந்தி ஒரு கிளையில் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மேற்கிலிருந்து வேழம்மாள் வந்தாள். பெரிய யானை. அருவிக்கரைத் தோப்பிலிருந்து முதுகு நிறையப் பலாப்பழம் சுமந்து வருவாள். அதைக் கொடுத்துக் கரும்பு வாங்குவாள். வாங்கிய கரும்பைச் சந்தையிலேயே தின்று தீர்ப்பாள். அப்புறம் வெறும் முதுகோடு ஆடி அசைந்து திரும்பிப் போவாள்.

வெறும் முதுகு. செவந்தி கிளையிலிருந்து அவசரமாக இறங்கினாள்.

"யானையக்கா, திரும்பிப் போறப்ப முதுகுல என்ன கொண்டு போறீங்க?"

வேழம்மாள் கரும்பை மென்றுகொண்டே சொன்னாள். "ஈ கொண்டு போறேன். வேற என்ன."

"எங்க குடும்பம் ஏறிக்கலாமா? நாங்க நாலு பேரும் சேர்ந்தாலும் ஒரு பலாப்பழக் கனம் வர மாட்டோம்."

"ஏறிக்க. இத்தனை வருஷமா போறேன், ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாரும் அந்த நரிகிட்டதான் போய் நிக்குறாங்க."

"கூலியா என்ன தரணும்க்கா?"

வேழம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். "காதுக்குப் பின்னால ஒரு இடம் இருக்கு. தும்பிக்கையும் எட்டாது, மரத்துல தேய்ச்சாலும் எட்டாது. எங்க அம்மா போனதுக்கு அப்புறம் அதைச் சொறிஞ்சு விட ஆளே இல்லை."

"எங்க குட்டிகளுக்கு நகம் நல்லா கூர்மை," என்றாள் செவந்தி. பேரம் முடிந்தது.

"அப்ப இன்னிக்கே கிளம்பு."

செவந்தி யானையின் கால்களைப் பார்த்தாள். முழங்கால்வரை செம்புழுதி. "அருவி ஆத்தைத் தாண்டித்தானேக்கா வர்றீங்க? கால் நனையவே இல்லையே."

"ஆத்துல தண்ணி ஏது? மேல்மலையில மழை விழணும். அப்பதான் அருவி எறங்கும்."

"அப்ப உங்க கால் என்னிக்குச் சேறாகுதோ, அன்னிக்கு வர்றோம்."

செவந்தி நேராகக் கரடி வீட்டுக்குப் போனாள். "அண்ணாச்சி, அருவியில இன்னும் தண்ணி வரலையாம். பௌர்ணமிக்குப் போகாதீங்க."

கரடிக்குக் குரல் பெரிது. "எம்மா, ஒரு குடுக்கை தேன் முன்பணம் குடுத்துட்டேன். போகலன்னா அது வீணாப் போயிடுமே."

"போனா மிச்சத் தேனும் வீணாப் போகுமே அண்ணாச்சி."

"ஆனா நாங்க போயிட்டு வந்துருப்போமே," என்றது கரடி. இதற்கு என்ன பதில் சொல்லலாம், பிள்ளைகளே? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பௌர்ணமி வந்தது. புங்கமரத்துக்குக் கீழேயே ஊர்வலம் போனது. பன்றிகள் மேல் கரடி, கரடியம்மா, கரடிக்குட்டி. பின்னால் தேன் நிறைந்த சுரைக்குடுக்கைகள். முன்னால் நரி.

"மருதண்ணே, இன்னும் யோசிச்சு முடிக்கலையா?" என்று அது மேலே பார்த்துக் கத்தியது. பொட்டு கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த சந்தை நாள் வந்தது. யானைக் காலில் புழுதி. அதற்கடுத்த சந்தை நாளும் வந்தது. அன்றும் புழுதி.

"யானை கால்ல சேறு வர்றதுக்குள்ள என் மீசையில நரை வந்துரும்," என்றான் மருதன். "பேசாம நரிகிட்டயே குடுத்திருக்கலாம். இந்நேரம் குளிச்சிருப்போம்."

"இந்நேரம் பட்டையைக் கொறிக்கப் பழகிட்டு இருப்போம்," என்றாள் செவந்தி. ஆனால் அவளும் மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மழை வராமலே போய்விட்டால் பொட்டுவிடம் என்ன சொல்வது?

அடுத்த சந்தை நாளில் பொட்டுதான் முதலில் பார்த்தான். கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகைச் சுரண்டினான்.

"அம்மா. கால்."

வேழம்மாளின் கால் முழுக்கச் சேறு. நகத்தில் பாசி. முதுகில் இருந்த பலாப்பழங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேழம்மாள் கரும்பைத் தின்று முடிப்பதற்குள் அருவிப் பொந்தில் இருந்ததெல்லாம் தேக்கிலையில் பொட்டலமாகிவிட்டது. நாலு பேரும் யானையின் கழுத்தில் ஏறினார்கள். பொட்டல்வெளியில் பருந்து தலைக்கு மேலே வட்டமிட்டது. வேழம்மாள் காதை விரித்தாள். எல்லோரும் அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே கூலியையும் கொடுத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேலே," என்றாள் வேழம்மாள். "இடது பக்கம். ஆங், அங்கதான். அடடா. நீங்க தினமும் வாங்க சாமி."

பாதி வழியில் எதிரே மூன்று மண்குவியல்கள் நடந்து வந்தன. கிட்டே வந்தால் கரடிக் குடும்பம்.

"அண்ணாச்சி, பன்றி எங்கே?" என்றான் மருதன்.

"போறதுக்குத்தான் பன்றியாம். வர்றதுக்குத் தனியாம்." கரடியின் பெரிய குரல் இப்போது கொசுக் குரலாக இருந்தது. "தினமும் காலையில நாளைக்குத் தண்ணி வந்துரும்னு சொன்னான். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு குடுக்கை தேன் வாங்கினான். தேன் தீர்ந்ததும் வழியைக் காட்டிட்டான்."

"இப்ப தண்ணி வந்துருச்சு அண்ணாச்சி. எங்ககூட வாங்க, வழிச் சாப்பாடு இருக்கு," என்றாள் செவந்தி.

கரடிக்குட்டி ஓடி வந்து யானையின் வாலைப் பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் பின்னால் நடந்தார்கள்.

ஆற்றுக்கு வந்தார்கள். நுரை பொங்கப் புதுவெள்ளம். அதில் என்னவோ குதித்துக் குதித்து மிதந்து வந்தது. ஒன்றல்ல, வரிசையாக.

"அது என் குடுக்கை," என்றது கரடி. "அதுவும் என் குடுக்கை. ஏய், அதுவும்."

விஷயம் இதுதான். அருவி விழும் இடத்தில் பாறைக்கடியில் ஒரு குகை உண்டு. காய்ந்து கிடந்ததால் நரி தன் வசூலை எல்லாம் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று மற்றவர்களிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்த நரிக்கு, தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. அருவி இறங்கியது. குகையைக் கழுவித் துடைத்து விட்டது.

கரடி ஆற்றில் இறங்கித் தன் குடுக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. அதன் குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

அருவியை நெருங்கினார்கள். பாதைக்குக் குறுக்கே நரி நின்றது. உடம்பெல்லாம் ஈரம். கையில் ஒரு கொட்டைகூட இல்லை. அணில்களைப் பார்த்ததும் அதற்கு உயிர் வந்தது.

"வாங்க மருதண்ணே, வாங்க. இது நம்ம பாதை. கால் வச்சா கட்டணம் உண்டு. ஆளுக்கு ஒரு பிடி."

மருதன் பழக்க தோஷத்தில் தலையாட்டப் போனான். செவந்தி முந்திக்கொண்டாள்.

"நாங்க எங்கண்ணே கால் வச்சோம்? மேலேதானே இருக்கோம்."

நரி அவர்களைப் பார்த்தது. கீழே பார்த்தது. பாதையில் நான்கு தூண் போன்ற கால்கள் இருந்தன. "அப்ப," என்றது நரி, "கால் வச்சவங்கதான் குடுக்கணும்."

வேழம்மாள் தலையைக் குனிந்து நரியின் முகத்துக்கு நேரே கொண்டு வந்தாள்.

"என்கிட்டயா கேக்குற?"

"இல்லக்கா," என்றது நரி. "தண்ணி நல்லா விழுதான்னு கேட்டேன்."

"போய்ப் பாரு," என்று வேழம்மாள் தும்பிக்கையால் அதை லேசாக ஒரு தள்ளு தள்ளினாள். நரி நேராக அருவியடியில் போய் விழுந்தது. பாறைக்குக் கட்டணம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் என்ன. கொடி அருவியில் தலைகீழாகத் தொங்கினாள். மருதன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தான். கரடிக் குடும்பம் பாறையோடு பாறையாக ஊறிக் கிடந்தது. பொட்டு தண்ணீருக்கு நடுவே அண்ணாந்து நின்றான்.

"யாரு ஊத்துறாங்கன்னு தெரிஞ்சுதாடா?" என்றாள் செவந்தி.

"தெரியல. ஆனா ரொம்ப நல்லவங்க," என்றான் பொட்டு.

அடுத்த சந்தை வரை பலாத் தோப்பிலேயே தங்கினார்கள். மரத்துக்கு வாடகை இல்லை. எந்தப் பழம் பழுத்திருக்கிறது என்று மோந்து பார்த்து வேழம்மாளுக்குச் சொன்னார்கள். அது திரும்பி வரும் கூலிக்குச் சரியாகப் போயிற்று. பலாப்பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து, மணக்க மணக்க வீடு வந்து சேர்ந்தார்கள். கீழ்ப் பொந்தில் ஒரு கொட்டைகூடக் குறையவில்லை.

அடைமழை வந்தது. ஒரு மாலையில் புங்கமரத்தடியில் யாரோ இருமினார்கள். நனைந்துபோன நரி.

"தங்கச்சி, அடுத்த கோடைக்குக் கடற்கரைக்குப் போறோம். முன்பணம் இப்பவே குடுத்தா பாதி தள்ளுபடி."

பொந்திலிருந்து பொட்டு தலையை நீட்டினான். அவன் கன்னம் இரண்டும் கொட்டையால் உப்பியிருந்தன. பின்னால் தெரிந்த வால் அவனைவிடப் பெரிதாக இருந்தது. வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

"யோசிச்சுச் சொல்றோம் மாமா."

நீதி: கிளம்பும் முன்பே நன்றாக விசாரித்துத் திட்டமிடும் குடும்பம் ஊரையும் பார்த்துவிடும், சேமிப்பையும் காப்பாற்றிக்கொள்ளும்.