எட்டுக் கோடிப் பேரின் அண்ணன்

“அம்மா, என்னை எட்டுக் கோடிப் பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.”

திருநாவுக்கரசு இதைச் சொன்னபோது மங்கையர்க்கரசி அம்மை மடத்தின் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மலைக்கு வருவோர் தத்தம் பெயர்களை அந்த மதிலில் கரியால் எழுதிவிட்டுப் போவது வழக்கம். மாதம் ஒருமுறை அம்மை அவற்றின்மேல் வெள்ளை பூசுவார்.

அம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய சீடரான திருநாவுக்கரசுக்கு ஐம்பத்தாறு. ஆறாண்டுகளாக அமாவாசைதோறும் தவறாமல் வருபவர். அன்றோ அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“எட்டுக் கோடிப் பேரா? வாசலில் ஒருவரையும் காணோமே” என்றார் அம்மை.

“அவர்கள் வருவது என் பின்னால் அன்று. ஒரு நடிகரின் பின்னால். சமூக வலைத்தளத்தில் அவர் பெயரில் வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுதுபவன் நான். பதினோர் ஆண்டுகளாக எழுதுகிறேன்.”

“அவர் எழுதுவதே இல்லையா?”

“அவருக்கு நேரம் ஏது, அம்மா? தம் பிறந்தநாளுக்கு வாழ்த்தியவர்களுக்குத் தாம் எவ்வாறு நன்றி கூறினோம் என்பதையே அவர் மறுநாள்தான் படிப்பார்.”

அம்மை மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.

“அவர் ஒருவருக்கு மட்டுந்தானா?”

“ஒரு கிரிக்கெட் வீரருக்கும் எழுதுகிறேன். ஒரு சோப்புக்கும் எழுதுகிறேன்.”

“சோப்பு பேசுமா?”

“பேசும். மழை பெய்தால், ‘இன்று வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?’ என்று கேட்கும். சென்ற கார்த்திகையில் இரண்டு இலட்சம் பேர் அதற்குப் பதில் சொன்னார்கள்.”

“சோப்புக்கா?”

“சோப்புக்குத்தான். ஒருவர் தமக்குக் காய்ச்சல் என்றார். சோப்பு அவரை ஓய்வெடுக்கச் சொன்னது.”

அம்மை சிரித்துவிட்டார். சீடர் சிரிக்கவில்லை.

“இந்தத் தொழில் உங்கள் வீட்டாருக்குத் தெரியுமா?”

“விளம்பர நிறுவனம் ஒன்றில் எழுத்தர் என்ற அளவில் தெரியும். யாருக்காக எழுதுகிறேன் என்பதை எவரிடமும் சொல்லக் கூடாது. ஒப்பந்தம்.”

“என்னிடம் சொல்லிவிட்டீர்களே, ஐயா.”

“உங்களைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், அம்மா?”

“நீங்கள் ஒருவர். மடப்பள்ளியில் வெள்ளத்தாய் ஒருத்தி. அவளும் மருமகளோடு சண்டை தீர்ந்தால் ஊருக்குப் போய்விடுவாள்.”

சீடர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

“நடிகரின் கணக்குக்கு நாள்தோறும் ஐம்பதாயிரம் தனிச்செய்திகள் வருகின்றன. பெரும்பாலானவற்றை ஒருவரும் திறப்பதில்லை. நேற்று மாலை வந்த ஒன்று என் கண்ணில் பட்டது.”

“படியுங்கள்.”

அவர் படித்தார்.

“‘அண்ணா, நாளை மறுநாள் காலை எனக்குத் திருமணம். என் அப்பாவை அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் வந்து ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் நான் தோற்ற அன்று என்னைக் காப்பாற்றியது உங்கள் சொல்தான். அதை இன்னும் என் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். மணமேடையில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் வாழ்த்தை வைத்துக்கொள்ள ஆசை. ஒரு வரி போதும்.’”

“யார் அந்தப் பெண்?”

“அங்கயற்கண்ணி. என் மகள்.”

மதிலின்மேல் ஓடிக்கொண்டிருந்த மட்டை நின்றது.

“அவள் தோற்ற அன்று நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்?”

“நடிகர் சொன்னதைக் கேட்கிறீர்களா, நான் சொன்னதையா?”

“நீங்கள் சொன்னதை.”

“ஒன்றும் சொல்லவில்லை. என் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன்.”

“என்ன எழுதினீர்கள்?”

“‘தங்கையே, தோற்றது உன் தேர்வு, நீ தோற்கவில்லை’ என்று. அவளை நினைத்துத்தான் எழுதினேன், அம்மா. சுவருக்கு அப்பால் அவள் அழுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வாண்டில் மிகுதியான விருப்பக்குறிகளைப் பெற்ற பதிவு அதுதான்.”

“எழுதி முடித்தபின் கதவைத் திறந்தீர்களா?”

“திறந்தேன். அதற்குள் அவள் அதைத் தன் தோழிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.”

அம்மை மட்டையை மீண்டும் சுண்ணாம்பில் தோய்த்தார்.

“நான்காண்டுகளாக அவளும் அவள் தாயும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். என் எண்ணை இருவரும் தடுத்துவைத்திருக்கிறார்கள். அவளிடம் போவதற்கு எனக்குத் திறந்திருக்கும் வாசல் ஒன்றே ஒன்று. அது நடிகரின் வாசல். நாளைக் காலை ஆறரை மணிக்கு முகூர்த்தம். அந்த வாசலில் நான் நடிகராக நின்று வாழ்த்துவதா? அப்பா என்று சொல்லிவிடுவதா? இதைக் கேட்கத்தான் வந்தேன்.”

அப்போது வெள்ளத்தாய் மோர்ச் செம்போடு வந்தாள். கைபேசித் திரையைக் கண்டதும் அவள் கண்கள் விரிந்தன.

“ஐயா, இது அண்ணன் படமில்லா! நீங்களும் நம்ம அண்ணன் ஆளுதானா? இந்த வயசுலயா?”

“ஆமாம்” என்றார் சீடர்.

“எனக்கு அவரு பதிலே போட்டிருக்காரு, தெரியுமா? பொங்கலன்னைக்கு. ‘தங்கச்சி, சாப்பிட்டியா?’ன்னு கேட்டாரு. எம் புருசன் கேட்டதில்ல. பெத்த புள்ள கேட்டதில்ல. அன்னைக்கு நான் ரெண்டு வாட்டி சாப்பிட்டேன்.”

“எழுதியது அவர்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அம்மை.

“என்ன தாயி இப்பிடிக் கேட்டுட்டீங்க? ‘வெள்ளத்தாய்’னு எம் பேரு போட்டில்லா இருந்தது! ஊர்ல பாதிப் பேருக்கு எம் பேரு தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

சீடர் செம்பை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஐயா, நீங்க பட்டணத்து ஆளு. அவரை எங்கயாச்சும் பாத்தா நான் சாப்பிட்டேன்னு சொல்லிடுங்க. பதில் போட எனக்குத் தெரியல. ஆறு மாசமா மனசு உறுத்துது.”

அவள் போய்விட்டாள்.

“நாற்பதாயிரம் பேருக்கு அனுப்பினோம்” என்றார் சீடர். “பெயரைக் கணினி தானாகவே மாற்றிக்கொள்ளும்.”

“உங்கள் மகளிடம் அதைக் கேட்டதுண்டா?”

“எதை, அம்மா?”

“சாப்பிட்டாயா என்று.”

சீடர் மதிலைப் பார்த்தார். பாதி மதில் வெள்ளையாக இருந்தது. மீதிப் பாதியில் பெயர்கள் இருந்தன.

அம்மை கேட்டார்:

“உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன?”

“‘உன் சுவரில் இருப்பதை எழுதியவன் நான்தான்’ என்றா? சொன்னால் அந்தச் சுவரும் பொய்யாகிவிடும். அவளுக்கு அப்பா போய்ப் பல நாளாயிற்று. நாளை மணமேடை ஏறும்போது அண்ணனும் போய்விடுவார்.”

“வாழ்த்தை அவள் யாரிடம் கேட்டாள்?”

“நடிகரிடம்.”

“திருமணம் யாருக்கு?”

“அவளுக்கு.”

“பிறகு என்னிடம் எதைக் கேட்கிறீர்கள், ஐயா?”

சீடர் மடத்தின் படியில் போய் உட்கார்ந்தார். எழுதினார். அழித்தார். மீண்டும் எழுதினார். ஒரு நாளைக்கு நாற்பது பதிவுகளை எழுதும் கை அது. நிழல் படியைவிட்டு நகர்ந்தது. வெயில் அவர் மடிமேல் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

நண்பகலில் கைபேசியோடு அம்மையிடம் வந்தார்.

“கேளுங்கள், அம்மா. ‘அன்புத் தங்கை அங்கயற்கண்ணிக்கு என் மனமார்ந்த திருமண வாழ்த்துகள். எந்த நாளிலும் நீ தோற்றதே இல்லை.’”

“நன்று. அனுப்புங்கள்.”

அவர் விரல் திரைக்குமேல் நின்றது. இறங்கவில்லை.

“இன்னும் என்ன?”

“இதில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன்.”

“எந்த எழுத்தை?”

“‘வாழ்த்துகள்’ என்பதுதான் திருத்தமான வடிவம், அம்மா. நடுவே ‘க்’ வரக் கூடாது. வந்தால் வாழ்த்தில் கள் கலந்துவிடும். ஆனால் நடிகர் ‘வாழ்த்துக்கள்’ என்றே எழுதுவார். அதாவது, நான் அவருக்கு அவ்வாறே எழுதுவேன். முதல் மாதத்தில் ஒருமுறை திருத்தமாக எழுதினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ‘இது அண்ணன் எழுதினது மாதிரி இல்லையே சார், தமிழ் வாத்தியார் எழுதின மாதிரி இருக்கு’ என்றார். அன்று போட்ட ‘க்’கைப் பதினோர் ஆண்டுகளாகப் போட்டுவருகிறேன்.”

“இன்று ஏன் விட்டீர்கள்?”

சீடர் கைபேசியைத் தாழ்த்தினார்.

“அப்போது அவளுக்கு ஏழு வயது. என் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை செய்து கொண்டுவந்தாள். ‘அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கள்.’ நான் சிவப்பு மையால் அந்த ‘க்’கை அடித்தேன். ‘வாழ்த்தில் கள் ஊற்றாதே, கண்ணு’ என்றேன். நாங்கள் இருவரும் பேசியவற்றுள் எனக்கு நன்றாக நினைவிருப்பது அது ஒன்றுதான். அவளும் மறந்திருக்க மாட்டாள்.”

“அவள் சிரித்தாளா?”

“சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீர்களா?”

“நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா.”

“அட்டையில் என்ன படம் வரைந்திருந்தாள்?”

சீடர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அம்மை மட்டையைக் கீழே வைத்தார்.

“அந்த ஓர் எழுத்தை நீங்கள் விடுவது அவளுக்காகவா, உங்களுக்காகவா?”

“நான் என் பெயரைச் சொல்லவில்லையே! அவள் கேட்ட வாழ்த்தை நடிகர் பெயரிலேயே கொடுக்கிறேன். அதில் எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது ஒரு புள்ளி வைத்த எழுத்து. எட்டுக் கோடிப் பேருக்கு எழுதியவனுக்கு அதுகூடக் கிடையாதா?”

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் இறங்கியது.

“போய்விட்டது” என்றார் சீடர்.

அம்மை மட்டையை எடுத்துக்கொண்டு மதிலுக்குத் திரும்பினார்.

வெள்ளத்தாய் இலை போட்டு இருமுறை கூப்பிட்டாள். சீடர் போகவில்லை. மூன்றாம் முறை அவளே வந்து, “அப்பிடி என்னதான்யா இருக்கு அந்தப் போன்ல?” என்று கடிந்துகொண்டு போனாள்.

மூன்று மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.

சீடர் அதைத் தொடவில்லை. அது படியின்மேல் ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது.

“அம்மா, நீங்கள் படியுங்கள். என்னால் இயலாது.”

அம்மை கைகளைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். கைபேசியை எடுத்துப் படித்தார்.

“‘அண்ணா, இத்தனை கோடிப் பேருக்கு நடுவே எனக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் நானும் அழுதுவிட்டோம். மணமேடையில் சட்டம் போட்டு வைப்பதற்காக அச்சிடக் கொடுக்கப் போகிறோம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.’”

அம்மை நிறுத்தினார்.

“படியுங்கள், அம்மா.”

“‘நீங்கள் எப்போதும் வாழ்த்துக்கள் என்றுதான் எழுதுவீர்கள். இதில் ஒரு க் விடுபட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எழுத்து இல்லாமல் படிக்கும்போது என் அப்பா எழுதியதுபோல் இருக்கிறது. நாளை முழுவதும் அதன் எதிரில் நான் நின்றாக வேண்டும். திருத்தி அனுப்புவீர்களா? அச்சுக் கடையை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்களாம்.’”

சீடர் எழுந்து நின்றார். அவர் முகம் முழுவதும் நனைந்திருந்தது.

“கண்டுகொண்டாள், அம்மா! எட்டுக் கோடிப் பேரில் ஒருத்தி என்னைக் கண்டுகொண்டாள்! ஒரே ஓர் எழுத்தில் கண்டுகொண்டாள்!”

“ஆம், ஐயா.”

அம்மை கைபேசியை அவரிடம் நீட்டினார்.

“ஐந்து மணிக்குக் கடை அடைப்பார்களாம். திருத்துங்கள்.”