கட்டுக்குள் அடங்காத சுருள் பாஸ்தா

அந்தக் காலத்தில் பாஸ்தா எல்லாமே நேர்க்குச்சிதான். சுருள் என்று ஒன்று கிடையாது. மாவும் குழம்பும் கொடியும் வாய்விட்டுப் பேசும். கேட்டவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கப்பல் வந்து நிற்கும் ஒரு கடற்கரை ஊரில் மிக்கேலம்மா சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். மூட்டை இறக்குகிறவர்கள்தான் சாப்பிட வருவார்கள். கோதுமை மாவைக் குச்சியாகத் திரட்டிச் சுளகில் காயவைப்பாள். காய்ந்ததைக் கட்டாகக் கட்டி வைப்பாள். வேகவைத்ததும் மேலே கெட்டியாகக் கொத்துக்கறிக் குழம்பு ஊற்றுவாள்.

ஒரு நாள் மூட்டைக்காரன் சவரி தட்டைத் தள்ளிவிட்டான்.

“யக்கா, குச்சி மட்டும் வழுக்கிக்கிட்டு வாய்க்குள்ள போயிருது. குழம்பு அப்படியே தட்டுல நிக்கி. நக்கியா குடிக்கச் சொல்லுதிய?”

“பிசைஞ்சு தின்னுல.”

“பிசையுறதுக்கு இது என்ன சோறா? நாளைக்கும் இப்படித்தான்னா நாங்க எதிர்க்கடைக்குப் போயிருவோம்.”

மிச்சக் குழம்பைப் பன்றித் தொட்டியில் கொட்டிவிட்டு வந்த மிக்கேலம்மா குச்சிகளைப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்கும் குழம்ப விட்டுட்டுப் போனீங்க, மொத்தக் கட்டும் பன்னிக்குத்தான்.”

“சும்மா மிரட்டுதா” என்று கட்டுக்குள் இருந்த குச்சிகள் சிரித்தன.

சுளகில் இன்னும் ஈரம் காயாத குச்சி ஒன்று இருந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை. பந்தலில் தொற்றியிருந்த புடலங்கொடியின் சுருளிடம் கேட்டது: “காத்து இந்த அடி அடிக்கி. எப்படி விடாம பிடிச்சிருக்க?”

“நேரா நீட்டிக்கிட்டு இருந்தா எதைப் பிடிக்க? சுத்திக்கணும். ஆனா காஞ்சுட்டா நிமிர முடியாது. பாத்துக்கோ.”

குச்சி கட்டைப் பார்த்தது. கூடப் பிறந்தவை தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தன. அங்கே போய்ப் படுக்கத்தான் அதற்கும் ஆசை. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மீன் சுடும் கம்பி கிடந்தது. உருண்டுபோய் அதில் தன்னை இறுகச் சுற்றிக்கொண்டது.

காய்ந்ததும் கம்பியிலிருந்து கழன்று கட்டருகே வந்தது. “கொஞ்சம் நகருங்க.”

“கோணிக்கிட்டு நிக்க. நீ நடுவுல வந்தா கட்டே குலைஞ்சுபோவும். வெளியவே கெட.”

அது வெளியிலேயே கிடந்தது.

மறுநாள் கட்டை அவிழ்த்து எடுத்த சில குச்சிகளோடு சேர்ந்து வெந்து சவரியின் தட்டுக்கு வந்தது. வாயில் போட்டவன் நிமிர்ந்தான். “யக்கா, இந்த ஒண்ணுலதான் குழம்பே இருக்கு! இடுக்கெல்லாம் கறி. இதையே போடுங்க, எங்கயும் போவல.”

மிக்கேலம்மா அன்றைய மாவு முழுவதையும் கம்பியில் சுற்றினாள். காய்ந்ததும் கட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை. பானையில் அள்ளிப் போட்டாள். மிச்சமிருந்த பழைய கட்டைப் பன்றிக்குப் போடவில்லை. எண்ணெயும் பூண்டும் போட்டுக் கிளற அதுவே போதும் என்று வைத்துக்கொண்டாள்.

அன்று முதல்தான் கொத்துக்கறிக்கும் கெட்டிக் குழம்புக்கும், ஆறவைத்துக் காய்கறியோடு தயிர் விட்டுக் கலக்கவும் நாம் சுருள் பாஸ்தாவைத் தேடுகிறோம். நேர்க்குச்சிகள் இன்றைக்கும் ஒட்டித்தான் படுத்திருக்கின்றன. சுருள் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்: ஒன்று கிழக்கே பார்த்துக் கிடக்கும், ஒன்று மேற்கே.