கொசுறில் வைத்த ரசம்

கொசுறு இலவசம் என்று ஊரே நம்புகிறது. ஆழ்ந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது: அதற்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்திருக்கிறார்.

மளிகைக்கடை முதலாளி திருவேங்கடம், வீட்டில் சமைக்கும் வடிவாம்பாளைக் கூப்பிட்டார். "இன்னிக்கு மளிகைக்குப் பைசா கிடையாது. கெட்டிக்காரின்னா கொசுறு வாங்கியே ரசம் வைப்பா. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மதியம் ரசம் மணத்தது. முதலாளி மறுபடி கேட்டு ஊற்றிக்கொண்டார்.

"புளி, மிளகு, பருப்பு எல்லாமே கொசுறா? எந்த ஏமாளி கொடுத்தான்?"

"நம்ம கடையிலதாங்க ஐயா. கொசுறு வாங்கிட்டு வரச்சொல்லி முதலாளி உத்தரவுன்னேன். எடை போடுறவர் அள்ளிக் கொடுத்தாரு. பக்கத்துல நின்னவங்களும் கேட்டாங்க. உத்தரவாச்சேன்னு அவங்களுக்கும் கொடுத்துட்டிருக்காரு."

முதலாளி கை கழுவாமல் கடைக்கு ஓடினார்.

மறுநாள் காபிக்கு முன்பே மளிகைப் பணம் அடுக்களைக்கு வந்துவிட்டது.