கரிச்சான் தன் குரலை விட்ட கதை

அந்தக் காலத்துல காட்டுல எல்லா உயிரும் பேசும். ஆனா ஒரே பேச்சு இல்ல. கூட்டத்துல பேசப் பொதுவா ஒரு பேச்சு, வீட்டுல பேச ஆளாளுக்கு ஒரு பேச்சு.

வாலுல துடுப்பு மாதிரி ரெண்டு இறகு தொங்குற கரிச்சானுக்கு மத்தவங்க வீட்டுப் பேச்சைக் கத்துக்கிறதுல ஒரு கிறுக்கு. அதுலயும் கொஞ்சம் பேர் பேசுற பேச்சுன்னா ஆசை அதிகம். அப்படித்தான் தேவாங்கு பேச்சைப் பிடிச்சான். தேவாங்கு பகலெல்லாம் தூங்குவா. அவ கண்ணு முழிக்கிற சாயங்கால நேரமாப் பாத்துப் போய், பொந்து வாசல்ல உட்கார்ந்துக்குவான்.

"மொத்தமே மூணு வீட்டுல பேசுறாங்க. அதைக் கத்துக்கிட்டு ஒரு புழுவாவது பிடிக்க முடியுமா?"ன்னு அவன் பொண்டாட்டி கேட்டா.

"அடியே, அதுல ஒரு சங்கதி இருக்கு. அணில் சொன்னதை நான் கொண்டுபோய், 'நான் வரமாட்டேன்'னு அப்படியே சொன்னா, வராதது நானா அணிலான்னு கேக்குறவன் முழிக்கிறான். 'அவன் வரமாட்டான்'னு சொன்னா, எவன்னு முழிக்கிறான். இவங்க அதுக்குன்னே தனியா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, 'உய்'னு. யாரு சொன்னாங்களோ அவங்களேதான்னு அர்த்தம். எவ்வளவு சுத்தம் பாத்தியா!"

"ரொம்ப சுத்தம். நம்ம கூட்டையும் கொஞ்சம் பாத்தா நல்லாருக்கும்."

அந்த வருஷம் இருவாச்சி பொண்டாட்டி முட்டை வைக்கிற நேரம் வந்துச்சு. பெரிய உடம்புக்காரங்க, எல்லாப் பொந்தும் ஆகாது. இருவாச்சி ஊரெல்லாம் சுத்தி, கடைசியில தேவாங்கு இருந்த பொந்தைப் பாத்து வச்சான். "காலிப் பொந்து. பகல்ல ஒரு ஈ காக்கா வந்து பாத்ததில்ல"ன்னு கூட்டத்துல கேட்டும் வச்சுட்டான். மறுநாள் உச்சி வெயில்ல அந்த மரத்தடியிலயே முடிவுன்னு ஆச்சு. வீட்டுக்காரங்க வந்து வாயைத் திறக்கலைன்னா வீடு காலின்னு அர்த்தம். அதுதான் வழக்கம்.

தேவாங்குக்கு வெயில்ல கண்ணே தெரியாது. புள்ள பெத்து ஒரு வாரம்கூட ஆகல.

அன்னைக்குச் சாயங்காலம் வந்த கரிச்சான்கிட்ட, "அண்ணே, எனக்காக நீங்க சொல்லுங்க. இது என் வீடு, புள்ளையோட எங்கயும் போக மாட்டேன்"னா.

மறுநாள் கரிச்சான் பொண்டாட்டியோட கூட்டத்துக்குப் போனான். தலைவர் காட்டெருமை அசைபோட்டுக்கிட்டே நின்னாரு.

"பெரியவரே, இது என் வீடு. புள்ளையோட எங்கயும் போக மாட்டேன்."

"உனக்கு எப்பய்யா புள்ள பொறந்துச்சு?"ன்னான் குரங்கு. கூட்டமே சிரிச்சுச்சு.

"நான் இல்லய்யா. அவ. அவ வீடு, அவ போக மாட்டா."

இருவாச்சி எகிறிக் குதிச்சான். "கேட்டீங்களா? என் வீட்டுக்காரியும் 'அவ'தானே! அவ வீடுன்னு இவனே சொல்லிட்டான்."

'உய்'ங்கிற வார்த்தை கரிச்சான் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா யாருக்குப் புரியும்? முழுங்கிட்டான்.

காட்டெருமை அசைபோடுறதை நிறுத்தினாரு. "கொண்டாந்த பேச்சு இப்படித்தாம்ப்பா ஆகும். அவ குரலே இங்க கேக்கணும். உன் தொண்டையில வருமா?"

"வரும்."

"வந்தா ஏத்துக்கிறேன். ஆனா இன்னொருத்தர் குரலை இங்க எடுத்தா, சொந்தக் குரலை இங்கயே விட்டுட்டுத்தான் போகணும். இல்லைன்னா நாளைக்கு எவன் குரல்ல எவன் பேசுறான்னே தெரியாமப் போயிடும்."

கரிச்சான் பொண்டாட்டியைப் பாத்தான். இருட்டுல கூட்டுக்குத் திரும்புறப்ப அவன் குரலை வச்சுத்தான் அவ நகர்ந்து இடம் விடுவா.

"என்னை என்ன பாக்குற? உள்ள ஒரு புள்ளைக்காரி தூங்கிட்டு இருக்கா"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அவன் வாயைத் திறந்தான். தேவாங்கோட மெலிசான குரல் வந்துச்சு. பேசுனது முழுக்க அவங்க பேச்சு. கூட்டத்துல ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை விளங்கல. ஆனா பொந்துக்குள்ள தூங்கின குட்டி, அம்மா தன்னை விட்டுட்டு வெளிய போயிட்டான்னு நெனச்சு வீறிட்டு அழுதுச்சு.

இருவாச்சி அண்ணாந்து பாத்தான்.

"உள்ள ஆள் இருக்குங்க. நான் வேற மரம் பாத்துக்கிறேன்."

கூட்டம் கலைஞ்சுச்சு. "வீட்டுக்குப் போகலாம்"னு பொண்டாட்டிகிட்டச் சொல்ல கரிச்சான் வாயைத் திறந்தான். குக்குறுவான் குரல் வந்துச்சு. செருமிக்கிட்டு மறுபடி சொன்னான், மைனா குரல். இன்னொரு தடவை முயற்சி பண்ணினான், அணில்.

"போதும், புரியுது. வா"ன்னா அவ.

அன்னையிலருந்துதான் துடுப்புவால் கரிச்சான் காட்டுல கேக்குற குரல்லயெல்லாம் பேசிக்கிட்டுத் திரியுறான். குக்குறுவான் கத்துதேன்னு நிமிந்து பாருங்க, கிளையில உட்கார்ந்திருக்கிறது பாதி நேரம் அவன்தான்.