ஓடை வளைவோடு நின்ற கல்வரிசை

மலையடிவாரக் காட்டில் அம்புஜம் என்று ஓர் ஆமை இருந்தாள். அவளுடைய தங்கை வடிவு காட்டின் மறுகோடியில், குளக்கரையில் இருந்தாள். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பாதை.

அந்தப் பாதை முன்பு ஒடுக்கமாக இருந்தது. யானை வந்தால் முயல் ஒதுங்கும். முயல் குட்டிகளோடு வந்தால் யானை நிற்கும். கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டாலும் எல்லாரும் அதிலேயே குளத்துக்குப் போய் வந்தார்கள். பிறகு காட்டுச் சபை பாதையை அகலமாக்கியது. அகலமானதும் காட்டெருமைகள் நடப்பதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தன. இடம் போதவில்லை என்று மறுபடியும் அகலமாக்கினார்கள். அவை இன்னும் வேகமாக ஓடின.

சின்னப் பிராணிகள் அந்தப் பக்கம் வருவதே நின்றுபோனது. முயல் தன் குட்டிகளை வளையை விட்டு அனுப்பவில்லை. முள்ளம்பன்றி பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்று வலியோடு சுருண்டு கிடந்தது. அம்புஜம் தங்கையைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

குளக்கரையில் ஒரு நாவல் மரம் உண்டு. சின்ன வயதில் அக்காளும் தங்கையும் அதன் அடியில் விழுந்த பழங்களைத் தின்றுவிட்டு, ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். பழம் விழ ஆரம்பித்ததும் வடிவு ஒவ்வொரு வருஷமும் கரிச்சான் குருவியிடம் சொல்லி அனுப்புவாள். அக்கா வருகிறாளா என்று கேட்டு வரச் சொல்வாள். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று அம்புஜமும் சொல்லி அனுப்புவாள். குருவி பறந்து புள்ளியாகி மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வருஷம் கரிச்சான் முன்னதாகவே வந்தது. பழம் இன்னும் பழுக்கவில்லை, காய்தான் பிடித்திருக்கிறது என்றது. அப்புறம் தயங்கியது.

“உன் தங்கச்சிக்குக் கண்ணு மங்கிட்டு வருது, அம்புஜம். நான் பக்கத்துல போய் உட்கார்ந்தாக்கூட, யாரதுன்னு கேக்குறா.”

அன்று அம்புஜத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வாள். உடனே வெளியே நீட்டிப் பாதையைப் பார்ப்பாள். பக்கத்துப் புதரில் இருந்த, முயல் அளவே உள்ள சருகுமான் பூவரசி என்னவென்று விசாரித்தாள்.

“அவ கண்ணு முழுசா போறதுக்குள்ள என் முகத்தை அவ ஒரு தடவை பார்த்துடணும், பூவரசி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அப்ப சபையில போய்க் கேட்போம், அக்கா. நானும் வர்றேன்” என்றாள் பூவரசி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் பெருமழை தொடங்குவதற்கு முன்பு, யானைகள் கொஞ்ச காலம் காட்டுக்காகப் பொதுவேலை செய்யும். அந்த உழைப்பை எதற்குச் செலவிடுவது என்று சபைதான் தீர்மானிக்கும். சபைத் தலைவர் வீரணன் என்ற கரடி. காட்டெருமை மல்லப்பன் அதில் உறுப்பினர். குரங்கு சிங்காரத்துக்குத் தடம் பார்க்கும் வேலை. தினமும் காலையில் பாதை மண்ணில் பதிந்திருக்கும் கால்தடங்களைப் பார்த்து, யார் யார் போகிறார்கள் என்று கூட வரும் தலைவரிடம் அவன் சொல்ல வேண்டும்.

சபை கூடியது. இந்த வருஷமும் பாதையை அகலமாக்கலாம் என்று பேச்சு முடியப்போகும் நேரத்தில், அம்புஜம் பாறையோரமாக ஊர்ந்து வந்து சேர்ந்தாள். பாதையின் ஓரத்தில் நெடுகிலும் ஒரு கல்வரிசை வேண்டும், அதற்கு இப்புறம் இரண்டு ஆமைகள் சேர்ந்து நடக்கிற அளவுக்கு இடம் விட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டாள்.

மல்லப்பன் சிரித்தார். “முதுகிலேயே வீட்டைத் தூக்கிட்டுத் திரியுறே. உனக்கெதுக்கு ஊர் சுத்துற ஆசை?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அம்புஜம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பூவரசி மட்டும் விடவில்லை. “வீட்டோட சேர்த்து மிதிச்சிட்டுப் போறீங்களே, அதனாலதான் கேக்குறோம்” என்றாள்.

வீரணன் கெட்டவர் இல்லை. எதையும் விசாரித்துத்தான் முடிவு சொல்வார். சிங்காரத்தைக் கூப்பிட்டு, அந்தப் பாதையில் சின்னப் பிராணிகள் போகின்றனவா என்று கேட்டார். ஒரு சின்னத் தடத்தைக்கூட இதுவரை பார்த்ததில்லை என்றான் சிங்காரம்.

“பார்த்தியா, அம்புஜம்” என்றார் கரடி. “நடக்குறதுக்கே ஆள் இல்லை. யாருக்குன்னு வழி போடுறது?”

பயந்துகொண்டு வீட்டில் இருப்பவர்களின் தடம் பாதையில் எப்படி இருக்கும் என்று அம்புஜம் சொல்ல நினைத்தாள். அத்தனை பேர் பார்க்கும்போது அவளுக்கு வார்த்தை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரடி மனம் இளகினார். கல்லுக்கு இந்த வருஷம் உழைப்பு மிச்சம் இல்லை, வேண்டுமானால் பாதையோரம் வெள்ளைக் களிமண்ணால் ஒரு கோடு போட்டுத் தருகிறோம், கோட்டுக்கு இப்புறம் உங்களுக்கு என்றார்.

குரங்குகள் ஒரே காலையில் கோடு போட்டு முடித்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சபையார் வந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அம்புஜமும் பூவரசியும் புறப்பட்டார்கள். கோடு போடுவதற்கு முன்பு பெய்த கோடை மழையில் மண் இன்னும் குழைந்து கிடந்தது. அதில் தன் கால் பதிவதைப் பார்க்கவே அம்புஜத்துக்கு ஆசையாக இருந்தது. தங்கையிடம் முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில் கோட்டின் மேலேயே மல்லப்பன் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

“மல்லப்பண்ணே, இது எங்க பக்கம்” என்றாள் பூவரசி.

“தெரியும்மா. இந்தா, இப்ப போயிடுவேன். அதுவரைக்கும் சுத்திப் போங்க.”

வேறு வழி இல்லை. இருவரும் அவரைச் சுற்றிக்கொண்டு பாதைக்குள் இறங்கினார்கள். அப்போது பார்த்துப் பின்னால் காட்டெருமைக் கூட்டம் வந்துவிட்டது. தரை அதிர்ந்தது. அம்புஜம் அப்படியே ஓட்டுக்குள் சுருங்கினாள். ஒரு குளம்பு அவள் ஓட்டின் விளிம்பில் பட்டு அவளைப் புரட்டிப் போட்டது. பூவரசி துள்ளி ஒதுங்கும்போது பின்னங்கால் மிதிபட்டுவிட்டது. கூட்டம் போன பிறகு பூவரசி நொண்டி நொண்டி வந்து, மூக்கால் நெட்டி அம்புஜத்தை நிமிர்த்தினாள். இரண்டு பேரும் பாதையோரம் ஒதுங்கி மூச்சு வாங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரடியும் சிங்காரமும் தடம் பார்க்க வந்தார்கள். காட்டெருமைக் கூட்டம் போன பிறகு வருவதுதான் அவர்கள் வழக்கம். முன்னே வந்தால் அவர்களுக்கும் பயம்தான்.

சிங்காரம் குனிந்து மண்ணைப் பார்த்தான். “இன்னைக்கும் எல்லாம் பெரிய தடம்தான், தலைவரே. கோடு போட்டும் ஒரு சின்னது வரலை.”

“நாங்க வந்தோமே” என்றாள் அம்புஜம்.

கரடி திரும்பிப் பார்த்தார். ஓட்டின் விளிம்பு உடைந்து ஆமை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சருகுமான் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“எந்த வழியா வந்தீங்க?”

“இந்த வழியாத்தான், அய்யா. இப்ப, கொஞ்சம் முன்னாடி.”

கரடி குனிந்து நன்றாகப் பார்த்தார். அவர்கள் வந்த வழியெல்லாம், வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓடிய குளம்புகள் மண்ணைக் கலக்கிப் போட்டிருந்தன. ஓரிடத்தில் பெரிய குளம்புத் தடத்துக்கு அடியில், சருகுமானின் சின்னக் குளம்பு பாதி தெரிந்தது. மீதி அழிந்துபோயிருந்தது. கரடி அதைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமும் தினமும் காலையில் இதைத்தானே பார்த்துவிட்டு யாருமே வரவில்லை என்று எழுந்து போனோம் என்று நினைத்தபோது அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சிங்காரம் வாலைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

சாயங்காலம் மழை பெய்தது. வெள்ளைக் கோடு கரைந்து ஓடிவிட்டது.

கரடி மறுபடியும் சபையைக் கூட்டினார். இந்தத் தடவை யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகியையும் வரவழைத்தார். வேலை செய்கிறவளை அதுவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பாதையோரம் கல் வைத்தால் எங்களுக்கு இடம் குறையும், நெரிசல் ஆகும் என்று மல்லப்பன் குதித்தார். அவர் முடிக்கும் வரை பெரியநாயகி காதை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் எத்தனை தடவை அகலமாக்கிக் கொடுத்தேன், மல்லப்பா? குளத்துக்கிட்ட போனதும் நெரிசல் தீர்ந்துச்சா? ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கீழ யாராவது கிடக்குறாங்களோன்னு நடுங்கிட்டு நடக்குறேன். முயல் குட்டி ஓரமா நடந்தா எனக்கும் நிம்மதி. கல்லு நான் தூக்குறேன்.”

ஆனாலும் சபை சபைதான். பாதி உழைப்பு அகலமாக்குவதற்கு, பாதி கல்வரிசைக்கு என்று முடிவானது. இந்த வருஷம் மலையடியிலிருந்து ஓடை வளைவு வரைக்கும், மீதி அடுத்த வருஷம் என்றார்கள்.

கல்வரிசை எழுந்தது. பெரியநாயகி ஒவ்வொரு கல்லாக உருட்டி வந்து வைத்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் முயல் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் பாருங்கள், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. முள்ளம்பன்றி வந்தது. கீரி வந்தது. வழியிலேயே நின்று ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்லுக்கு இப்புறம் பதிந்த தடங்களை எண்ண வந்த சிங்காரம், நடுவில் கணக்குத் தப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

“இவ்வளவு பேர் இந்தக் காட்டுலதான் இருந்தாங்களா?” என்று கரடியிடம் கேட்டான்.

நாவல் பழம் விழ ஆரம்பித்துவிட்டது என்று கரிச்சான் சொன்ன அன்றே அம்புஜம் கிளம்பினாள். உடைந்த விளிம்பு உறுத்தினாலும் நிற்காமல் நடந்தாள். ஓடை வளைவுக்கு வந்தாள். அங்கே கடைசிக் கல் இருந்தது. அதற்கு அப்பால் எந்த மறைப்பும் இல்லாத பாதை. காட்டெருமைகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. புழுதிக்கு அந்தப்புறம், தூரத்தில், நாவல் மரத்தின் தலை தெரிந்தது.

அம்புஜம் கடைசிக் கல்லை ஒட்டி உட்கார்ந்தாள். திரும்பிப் போக மனம் வரவில்லை. முன்னால் போகத் தைரியம் இல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது பழ வாசனை வந்தது. அவள் கழுத்தை நீட்டி நீட்டி முகர்ந்தாள்.

மறுநாள் கரிச்சான் ஒரே ஒரு பழத்தைக் கொத்திக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டது.

“வடிவு குடுத்துவிட்டா. நீ வளைவு வரைக்கும் வந்துட்டேன்னு சொன்னேன். அவளும் கரையை விட்டு ஏறி வந்து பாதை தொடங்குற இடத்துல உட்கார்ந்துட்டா. கண்ணு சரியாத் தெரியலை. ஆனா இந்தத் திசையைத்தான் பார்த்துட்டிருக்கா.”

அம்புஜம் பழத்தைத் தின்றாள். ரொம்ப மெதுவாகத் தின்றாள்.

வழியைப் பார்வையிட வந்த கரடி அவளைக் கண்டார். வாயெல்லாம் ஊதாவாக, கண்ணில் நீர் கோத்து அவள் உட்கார்ந்திருந்தாள். ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டார்.

“வழி இதோட நின்னுபோச்சு, அய்யா.”

“அதான் மீதி அடுத்த வருஷம்னு சபையில...”

“நானும் என் தங்கச்சிக்கு அப்படித்தான் சொல்லிட்டே இருந்தேன்” என்றாள் அம்புஜம். “அவ கண்ணு காத்துட்டு இருக்கலை.”

கரடி கடைசிக் கல்லைப் பார்த்தார். நாவல் மரத்தைப் பார்த்தார். யானைகள் இருக்கும் பக்கமாக வேகமாக நடந்தார்.

மறுநாள் காலையில், மல்லப்பன் எங்கேயோ கத்திக்கொண்டிருக்க, கல் உருளும் சத்தம் கேட்டு அம்புஜம் தலையை வெளியே நீட்டினாள். பெரியநாயகி ஒரு கல்லைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு வந்து, கடைசிக் கல்லுக்கு அடுத்ததாக வைத்தாள். அம்புஜம் எழுந்து அந்தக் கல் வரைக்கும் நடந்தாள். அடுத்த கல் வரும் வரை நின்றாள். அது வந்ததும் மறுபடி நடந்தாள். கரிச்சான் தினமும் ஒரு பழம் கொண்டுவந்து போட்டது. குளக்கரைக்கு வந்து சேர்ந்தபோது மரத்தில் பழங்கள் ஏறக்குறைய தீர்ந்திருந்தன.

பாதை தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த வடிவு, காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். அவளுக்கு நிழல்போல ஏதோ தெரிந்தது. கழுத்தை நீட்டி மிக அருகில் வந்து பார்த்தாள்.

“அக்கா, உன் வாய் இன்னும் ஊதாவா இருக்கு” என்றாள்.

பயந்து வீட்டுக்குள் இருப்பவர்களை வரவில்லை என்று கணக்கிலிருந்து கழிக்காமல், அவர்கள் பயமில்லாமல் போய்வர ஒரு வழியை, அதுவும் பாதியில் நிறுத்தாமல் காலத்தோடு போட்டுக் கொடுப்பதே ஊரை நடத்துகிறவர்களின் கடமை.