ஒரு சாண் இறக்கம்

எஸ்டேட் முதலாளி வீரசிகாமணி நின்றாலும் உட்கார்ந்தாலும் கடப்பாரை மாதிரி நிமிர்ந்தே இருப்பார். அவருடைய லாரி ஓடைப் பள்ளத்தைக் கடக்கும்போதெல்லாம் பின்சக்கரம் ஒன்று தரை எட்டாமல் அந்தரத்தில் சுற்றும்.

லாரியை வெல்டிங் பட்டறை செசிலியிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பின்சக்கரம் இன்னும் ஒரு சாண் கீழே இறங்கணும். வண்டி உயரம் கூடக் கூடாது. புதுசா எந்தச் சாமானும் போடக் கூடாது. முடியலேன்னா பட்டறை போர்டைக் கழட்டிடு."

"சரிங்கய்யா. மூணாம் நாள் ஓடைக்கு வாங்க."

மூன்றாம் நாள் எஸ்டேட் ஆட்கள் அத்தனை பேரும் ஓடைக்கரையில் கூடிவிட்டார்கள். டிரைவர் லாரியைப் பள்ளத்தில் விட்டார். பின்சக்கரம் இறங்கியது. வழக்கமாக நிற்கும் இடத்தையும் தாண்டி இறங்கியது. யானை தடவிப் பார்த்துக் காலை ஊன்றுவதுபோல அடிப்பாறையைத் தொட்டு அழுத்தி, லாரியைக் கரையேற்றிவிட்டது.

"என்ன செஞ்சே?" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"ஸ்பிரிங் இன்னும் இறங்கத் தயாராத்தான் இருந்துச்சுங்க. செங்குத்தா நின்ன ஷாக் அப்சார்பர்தான் சக்கரத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. அதையே சாய்ச்சு வெல்டு வெச்சேன். சாய்ஞ்சு நின்னா அதே நீளத்துக்குச் சக்கரம் இன்னும் கீழே போகும். விறைப்பா நிக்கிறதுக்குக் கீழே இறங்க வராதுங்கய்யா."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, லாரிக்கு அடியில் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

செசிலி டார்ச்சை நீட்டினாள்.

"இன்னும் ஒரு சாண் குனியணுங்கய்யா."