செப்பு கைமாறிய நாள்

எபனேசருக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், அந்த வேலை போனபின் பாளையங்கோட்டையில் பர்வீனிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். பர்வீன் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே எபனேசருக்கு அவர் டீச்சர்தான்.

பர்வீனின் சின்ன நிறுவனம் 'செப்பு' என்றொரு மென்பொருளைச் செய்திருந்தது. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். விலை கிடையாது. அதன் நிரலும் இணையத்தில் திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அங்கேயே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாக அதைப் பராமரித்து வந்தவர் எபனேசர்.

இரண்டு வருடமாக நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அன்று காலை எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். திரையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, நாளை முதல் செப்பு தங்களுடையது என்றார். இரண்டு பேர் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எபனேசர் எழுந்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். தினமும் கைவீசி நடக்கும் தாழ்வாரத்தில் அன்று சுவரைத் தடவித் தடவித்தான் பர்வீனின் அறைக்குப் போனார்.

"டீச்சர், கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க அண்ணாச்சி. நம்மளை நம்பி பதினாலு குடும்பம் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

"என் கண்ணை வித்துட்டீங்க."

எபனேசர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பூட்டு போட்டுருவாங்க. விலை வைப்பாங்க. அவங்க கையில போறதுக்கு இல்லாமலே போகட்டும். எல்லாத்தையும் அழிக்கப் போறேன்."

தடுப்பார் என்று காத்திருந்தார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உட்காருங்க. என் கணினியிலயே அழிங்க."

எபனேசர் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு ஆத்திரம் வந்தது. உட்கார்ந்தார். முதலில் இணையத்தில் இருந்த பொதுப் பக்கம். அடுத்து அலுவலகச் சேமிப்பு. கடைசியில் காப்புப் பிரதி. ஒவ்வொரு முறையும் செப்பு தன் தட்டையான குரலில் 'நீக்கப்பட்டது' என்றது. மூன்றாம் முறை கேட்டபோது மேசையில் தலை கவிழ்த்து அழுதார்.

பர்வீன் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் வைத்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். எபனேசரின் போன் அடித்தது.

"ஐயா, நான் மட்டக்களப்பில இருந்து நிரோஜினி கதைக்கிறன். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். எனக்கும் பார்வை இல்லை. செப்பின்ர பக்கத்தைக் காணேல்ல. உங்கட நம்பர் என்ர பிரதிக்குள்ள கிடந்தது."

"பிரதியா?"

"ஓம். நேற்றுவரைக்கும் உள்ளது முழுசா இருக்கு. பக்கத்தைக் காணேல்ல எண்டதும் நான் அதை வலையில ஏத்திப்போட்டன். ழகரத்தைப் பிழையாச் சொல்லுமெல்லோ, அதையும் திருத்தியிருக்கிறன். தேவையெண்டா எடுங்கோ."

நாலு வருடமாக எபனேசரால் முடியாத திருத்தம் அது.

"எப்படிம்மா திருத்தின?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்து அதோடதான் ஐயா மல்லுக்கட்டுறன். மூண்டு வருசமாச்சு."

எபனேசர் போனை வைத்துவிட்டு, கேட்டதைப் பர்வீனிடம் சொன்னார்.

"டீச்சர், அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாராவது கூப்பிடுவாங்கன்னாவது?"

"அதுவும் தெரியாது. பயந்துக்கிட்டுத்தான் நின்னேன்." பர்வீன் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ பிரதியை இறக்கிப் பழைய இடத்துலயே வைங்க. நாளைக்கு ஒப்படைக்கணும்."

"இன்னுமா ஒப்படைக்கணும்?"

"கையெழுத்து போட்டிருக்கேன்லா."

எபனேசர் கணினியின் பக்கம் திரும்பினார். விசைப்பலகையில் கை வைத்தவர் தலையை நிமிர்த்தினார்.

"மட்டக்களப்புல ஒண்ணு கிடக்கு. இன்னும் எந்தெந்த ஊர்ல கிடக்கோ. அப்போ இவங்க இவ்வளவு கொடுத்து எதை டீச்சர் வாங்கினாங்க?"

பர்வீன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க அழிச்சீங்களே அண்ணாச்சி, அதை மட்டுந்தான்."